கறுப்பு பீரில் ஊறிய கோழி

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே எனக்குத் தொலைபேசி வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, இந்த வருஷம் மட்டன் பிரட்டல் செய்றோம், அதுக்கு என்னா பீர் வாங்கலாம்?" என்று ஒருவர் கேட்பார். "மாமா, வீட்ல எல்லாரும் எறா பொரியல்தான் கேக்குறாங்க, கறுப்பு பீர் சரி வருமா?" என்று இன்னொருவர் கேட்பார். யோங் பெங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் எனக்குப் பீர் வாத்தியார் என்றே பெயர். கிண்டல்தான். ஆனால் கிண்டல் செய்தவர்களும் கடைக்குப் போகும்முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போனார்கள். எனக்கு அதில் பெருமை, சும்மா சொல்லக்கூடாது, நிறையவே பெருமை.

நான் குடிகாரன் இல்லை. தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், சீனப் பெருநாள் என்று நாலு பண்டிகைக்குத் தொடுவேன், அவ்வளவுதான். எனக்கு எரிச்சல் வந்ததெல்லாம் மற்றவர்கள் குடிக்கும் விதத்தைப் பார்த்துத்தான். வீட்டில் மனைவி காலை நாலு மணிக்கு எழுந்து மசாலா அரைத்து இறைச்சி பிரட்டி வைத்திருப்பாள். இவர்கள் எந்தப் பீர் கையில் கிடைத்தாலும் ஐஸ் கட்டியைக் கொட்டி, தண்ணீராக்கி, மடமடவென்று ஊற்றிக்கொள்வார்கள். சாப்பாடும் ருசிக்காது, பீரும் ருசிக்காது. பார்க்கவே வயிறு எரியும்.

என் கணக்கு எளிமையானது. முறுக்கு, ஓமப்பொடி மாதிரி மொறுமொறுப்புக்கு வெளிர் நிறப் பீரை நன்றாகக் குளிரவைத்துக் கொடுக்க வேண்டும். மெர்சிங்கிலிருந்து வரும் கணவாய் மீனை மாவில் தோய்த்துப் பொரித்தால் அதற்கும் அதுவேதான். காரம் தூக்கலான நண்டுப் பிரட்டலுக்குக் கசப்பு அதிகமுள்ள பீர் ஆகாது, நாக்கு இன்னும் எரியும். கொழுப்பும் மிளகும் சேர்ந்த ஆட்டிறைச்சிக்குக் கறுப்பு பீர், அதுவும் பனிக்கட்டி மாதிரி குளிராமல் லேசாகக் குளிர்ந்தது. அதிரசத்தைக் கறுப்பு பீரோடு சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் முதலில் எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு கடி, ஒரு மடக்கு. பிறகு சிரிக்க மாட்டார்கள்.

இதெல்லாம் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் நடக்கும் விஷயம். துணி காயப்போடும் இடத்துக்குத் தகரக் கூரை போட்டு, மடக்கு மேசை விரித்து, மச்சான்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அங்கே உட்காருவோம். முன்கூடம் என் மனைவியின் ராஜ்ஜியம். அங்கே பீர் வராது, பீர் குடித்த கண்ணாடிக் கோப்பையும் வராது. கோழியும் ஆடும் சந்தையில் மலாய்க்காரர் ஹலால் கடையில்தான் வாங்குவாள். முன்கூடத்துக்கென்று தனிச் சட்டி, தனித் தட்டு, தனிக் கரண்டி எல்லாம் மேல் அலமாரியில் துணி சுற்றி வைத்திருப்பாள், பண்டிகைக்குத்தான் இறங்கும். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வீடுகளில் வழக்கம் இதுதான். மதுவைத் தொடாத மலாய் முஸ்லிம் நண்பர்கள் வந்து மனம் கோணாமல் சாப்பிட்டுப் போக வேண்டும் என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும்.

என் மனைவி இவ்வளவு கவனமாக இருந்தது பெரும்பாலும் ஒருவனுக்காகத்தான். என் மலாய்க்கார நண்பன். மேசை நாற்காலி செய்யும் தளவாடத் தொழிற்சாலையில் அவன் வர்ணம் அடிக்கும் பிரிவில் இருந்தான், நான் ஸ்டோரில் இருந்தேன். சாஆ என்ற ஊரில் ஒரு தோட்டத்தில் அவன் அப்பா லாரி ஓட்டினார். தமிழ்ப் பிள்ளைகளோடு லயத்து வரிசை வீடுகளில் விளையாடி வளர்ந்தவன், எங்களைவிடக் கொச்சையாகத் தமிழ் பேசுவான். முதன்முதலில் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி மலாயில் தயங்கித் தயங்கி "மாசோக், மாசோக்" என்று உள்ளே கூப்பிட்டாள். அவன், "என்னா தங்கச்சி, வெள்ளக்காரன் வந்த மாதிரி பயப்படுறீங்க? சோறு இருக்கா, இல்லையா?" என்றான். அன்றிலிருந்து அவன் அவளுக்கு அண்ணன். பதினோரு தீபாவளி தொடர்ந்து வந்தான், மனைவி மக்களோடு.

வந்தவுடன் முன்கூடத்தில் உட்காருவதற்கு முன் பின்கதவு வரைக்கும் ஒரு நடை வருவான். எங்களைப் பார்த்து, "கொறைச்சி குடிங்கடா, சாயங்காலம் ஒங்கள தூக்க ஆள் இல்ல" என்பான். எல்லாரும் சிரிப்போம். பிறகு உள்ளே போய், என் மனைவி செய்யும் கிச்சாப் மிளகுக் கோழிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான். கிச்சாப் என்னும் இனிப்பான கறுப்பு சோயா சாஸும் இடித்த மிளகும் பூண்டும் போட்டு ஒரு இரவு ஊறவைத்துப் பொரிப்பது. போகும்போது முழங்கால் வலியால் வர முடியாத அவன் அம்மாவுக்கு ஒரு டப்பா நிறைய கோழியைத் தப்பாவ் கட்டிக்கொண்டு போவான். அந்த டப்பாவுக்கென்று முன்கூட்டியே நல்ல துண்டுகளாக எடுத்துவைப்பாள் என் மனைவி.

போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளி. எனக்கு ஒரு யோசனை வந்தது. பீரைக் கோழியோடு குடிப்பதற்குப் பதிலாகக் கோழியையே பீரில் ஊறவைத்தால் என்ன? கிச்சாப்பின் இனிப்பும் கறுப்பு பீரின் கசப்பும் சேர்ந்தால் பின்பக்கத்து மேசை அசந்துவிடும் என்று நினைத்தேன். மனைவியிடம் சொன்னால் விடமாட்டாள். தீபாவளிக்கு முதல்நாள் அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் அவள் செய்வது போலவே கிச்சாப், மிளகு, பூண்டு எல்லாம் போட்டு, கூடவே ஒரு டின் கறுப்பு பீரை ஊற்றிப் பிசைந்தேன். பாத்திரம் தேடியபோது கைக்குக் கிடைத்தது நீல மூடி போட்ட பிளாஸ்டிக் பேசின். அவள் தன் கோழியை ஊறவைத்திருந்ததும் அதே மாதிரி நீல மூடிப் பேசின்தான், இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை. இரண்டும் குளிர்பெட்டியில் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன, அவளுடையது மேலே, என்னுடையது கீழே. ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கலாம். ஒட்டவில்லை. எது யாருடையது என்று எனக்குத்தான் தெரியுமே என்ற திமிர்.

தீபாவளி மதியம் வீடு நிரம்பிவிட்டது. நான் பின்பக்கத்தில் இரண்டு கோப்பை முடித்திருந்தேன். தலை சுற்றவில்லை, ஆனால் மனசு லேசாக இருந்தது. அப்போது முன்கூடத்திலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "ஏங்க, முன்னால கோழி முடிஞ்சிடுச்சி. பேசின்ல இருக்கறத பொரிச்சி எடுத்தாங்க." விருந்தாளிகளை விட்டு அவளால் நகர முடியவில்லை. நான் சமையலறைக்குப் போனேன். காலையில் அவள் எடுத்துத் திரும்ப வைத்ததில் இடம் மாறியிருக்கும் என்று யோசிக்காமல் மேலே இருந்த பேசினை எடுத்தேன், மூடியைத் திறந்தேன், அவளுடைய முன்கூடத்துச் சட்டியில் எண்ணெயைக் காயவைத்துப் பொரித்தேன். நானே தட்டில் அடுக்கி, நானே கொண்டுபோய் மேசையில் வைத்தேன். நண்பன் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தான். "வாத்தியாரே, இன்னிக்கி நீதான் சப்ளையா?" என்றான். அவன் தலையைத் தட்டிவிட்டு வந்தேன்.

பிறகு இன்னொரு பேசினை எடுத்துப் பொரித்துப் பின்பக்கம் கொண்டுபோனேன். என் மச்சான் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "என்னா மாமா, கறுப்பு ஊத்துனேன்னு பெருமையா சொன்னீங்க? ஒன்னும் தெரியலையே. அக்கா செய்யிற அதே கோழிதான் இது" என்றான். நான் ஒரு துண்டை வாயில் போட்டேன். கசப்பு இல்லை. அது என் மனைவியின் கோழி.

எழுந்து உள்ளே ஓடினேன். முன்கூடத்தில் நண்பனின் தட்டில் மூன்று எலும்பு கிடந்தது. நாலாவது துண்டு கையில். என்னைப் பார்த்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். "தங்கச்சி, இந்த வருஷம் என்னா மந்திரம் போட்டீங்க? போன வருஷத்தவிட டபுள் ருசி லா!" என்றான்.

இப்போது எழுதப்போவதை நான் மனைவியிடம்கூட இதுவரை சொன்னதில்லை. அவன் அப்படிச் சொன்ன அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். என் யோசனை பலித்துவிட்டது என்ற சந்தோஷம். அது வந்து போன பிறகுதான் பயம் வந்தது. இதற்காக என்னை நான் மன்னிக்கவே மாட்டேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். "டேய், வைடா அத, தப்பு நடந்துபோச்சி" என்று ஒரே ஒரு வரி. கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். அவன் மனைவி இருந்தாள், பிள்ளைகள் இருந்தார்கள், எங்கள் தொழிற்சாலையிலிருந்து வந்த இன்னும் இரண்டு மலாய்க் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் அந்தக் கோழியைத் தொட்டார்களா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லார் முன்னாலும் சொன்னால் என் மனைவி நிலைகுலைந்து போவாள் என்று எனக்கு நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம், அவன் சாப்பிட்டு முடிக்கட்டும், கிளம்பும்போது சொல்லலாம் என்று நின்றேன். ஒருவன் வாயில் போகும் துண்டை எண்ணிக்கொண்டு நிற்பதைப் போன்ற நரகம் வேறில்லை.

கிளம்பும்போது அவன் வழக்கம்போல டப்பாவை நீட்டினான். மனைவி தட்டில் மிச்சமிருந்த கோழியை எல்லாம் அதில் அடுக்கினாள். "அம்மாவுக்கு இந்தத் துண்டு மெத்துன்னு இருக்கும்" என்று ஒன்றைத் தேடி எடுத்து மேலே வைத்தாள். அப்போது யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நானும் அவனும் மட்டும். நான் டப்பாவைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். மூடியை எடுத்து, நாலு மூலையும் அழுத்தி மூடி, அவனிடம் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் எல்லாரும் போனபிறகு மனைவியிடம் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அந்த அம்மா சாப்பிட்டிருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்துபோய் அந்தச் சட்டியையும் தட்டுகளையும் ஒரு சாக்கில் போட்டு வாசலில் வைத்தாள். பதினோரு வருடம் துணி சுற்றிப் பாதுகாத்த சட்டி.

"நாளைக்கே போயி சொல்லிடுங்க" என்றாள்.

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. மறுநாள் அவனுக்கு வேலை. அதற்கு மறுநாள் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டேன். தொழிற்சாலையில் தினமும் பார்த்தோம். தேநீர் நேரத்தில் அருகருகே உட்கார்ந்தோம். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போவேன், அவன் ஏதாவது வேடிக்கையாகப் பேசுவான், நான் சிரித்துவிட்டு வருவேன். மனைவி முதல் மாதம் தினமும் கேட்டாள். இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒருமுறை. பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். அவள் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு யாரோ பீர் விஷயமாகக் கூப்பிட்டார்கள். கோபத்தில் கத்திவிட்டேன். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

நோன்புப் பெருநாள் வந்தது. ஒவ்வொரு வருடமும் முதல்நாள் மதியம் நாங்கள் சாஆவில் அவன் அம்மா வீட்டுக்குப் போவது வழக்கம். போகாமல் இருக்க முடியாது, போனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். மனைவி அலங்கரித்துக்கொண்டு காரில் ஏறினாள். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அந்த அரைமணி நேரப் பாதை அன்றைக்கு முடியவே இல்லை.

நண்பனின் அம்மாவை நான் மக்சிக் என்று கூப்பிடுவேன். புதுத் துணி உடுத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெருநாளன்று அவர்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். சின்னவர்கள் பெரியவர்களிடம் கேட்பார்கள், பெரியவர்களும் சின்னவர்களிடம் கேட்பார்கள். விருந்தாளியாக வந்த எங்களையும் விடமாட்டார்கள். மக்சிக் தன் முக்காட்டு நுனியைக் கையில் சுற்றி என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாஃப் ஸாஹிர் டான் பாத்தின், நாக்" என்றார். நான் தெரிந்தோ தெரியாமலோ உனக்கு ஏதாவது தப்புச் செய்திருந்தால் மன்னித்துவிடு, மகனே என்று அதற்கு அர்த்தம். கையை விடாமல் மலாயிலேயே தொடர்ந்தார். "தீபாவளிக்கு உன் மனைவி கொடுத்தனுப்பிய கோழி அவ்வளவு நன்றாக இருந்தது. ஒரே நாளில் தீர்ந்துவிடக் கூடாது என்று மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டேன்."

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அந்தக் கை சூடாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அந்தக் கிழவி என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

தட்டில் ரெண்டாங் இறைச்சியும் கெத்துப்பாட் அரிசிக் கட்டியும் வைத்தார்கள். தட்டை அப்படியே வைத்துவிட்டேன். நண்பனைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனேன். வீட்டுப் பக்கத்தில் அவன் கார் நின்ற இடத்தில் யாருமில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். பேசின், கறுப்பு பீர், பொரித்தது, எல்லாம்.

முதலில் அவன் சிரித்தான். "பெருநாள் அதுவுமா வெளையாடாதடா" என்றான். நான் அழ ஆரம்பித்ததும்தான் சிரிப்பு நின்றது.

கார்க் கூரையில் கையை ஊன்றிக்கொண்டான். பிறகு நிதானமாகத்தான் பேசினான். "சரி. தெரியாம சாப்பிட்டதுக்கு குத்தம் இல்ல. எனக்கும் இல்ல, எங்கம்மாவுக்கும் இல்ல. கைமாறிப் போச்சி, மனுசன்தான." எனக்கு மூச்சு வந்தது. அவன் அதோடு விட்டுவிடுவான் என்று நினைத்தேன்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டான்.

"நீ சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே."

"நான் கெளம்புறதுக்கு முன்னாடியே தெரியும்?"

தலையாட்டினேன்.

"அப்ப அந்த டப்பா?" என்றான். அவனே சொன்னான். "நீதான மூடி போட்டுக் குடுத்த. நான் பாத்துக்கிட்டு நின்னேன். நல்லா அழுத்தி மூடுன."

அதற்குமேல் அவன் தமிழில் பேசவில்லை. மலாயில், சத்தம் போடாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். "அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவளிடம் இதை நான் சொல்ல முடியாது. சொன்னால் தாங்க மாட்டாள். ஆறு மாதம் நீ வைத்திருந்ததை இப்போது என்னிடம் கொடுத்துவிட்டாய். இனி அவள் சாகும்வரை நான் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பெருநாளும் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்பாள். நான் அவளிடம் கேட்பேன். இதை மறைத்துக்கொண்டு கேட்பேன்."

நான் அவன் காலில் விழுந்திருப்பேன். அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான். "உள்ளே போய்ச் சாப்பிடு, எல்லாரும் பார்ப்பார்கள்" என்றான். போனேன். சாப்பிட்டேன். ரெண்டாங் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவன் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. தொழிற்சாலையில் பார்த்தால் தலையசைப்பான், நலம் கேட்பான். தேநீர் நேரத்தில் அவன் பிரிவு ஆட்களோடு உட்காருவான். நானாகப் போய் உட்கார்ந்தால் எழுந்து போகவும் மாட்டான். நான் இரண்டு முறை போய் உட்கார்ந்தேன். வானிலை பேசினோம், ஓவர்டைம் பேசினோம். என்னைப் பார்த்து 'டேய்' என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மூன்றாம் முறை போகவில்லை.

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பீர் இல்லை. பின்பக்கத்து மேசையை விரிக்கவில்லை. மச்சான்கள் முணுமுணுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனார்கள். மனைவி புதுச் சட்டி, புதுத் தட்டு, புதுக் கரண்டி என்று எல்லாம் வாங்கினாள். நான் நண்பனுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் 'வருகிறேன்' என்று ஒரே சொல் வந்தது. மனைவிக்குக் காட்டினேன். அவள் தொலைபேசியை வாங்கி அந்த ஒரு சொல்லை வெகுநேரம் பார்த்தாள். அன்று வீட்டில் பாட்டு ஓடியது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வந்து உட்கார்ந்து அவன் தட்டைத் தொடாமல் போனால் என்ன செய்வது என்று பயந்தேன். அவளிடம் கேட்காமல் டவுனில் ஒரு மலாய்க்காரக் கடையில் அயாம் மசாக் மேரா என்ற சிவப்புக் கோழிக் குழம்பும் பிரியாணியும் ஆர்டர் செய்துவிட்டேன். தீபாவளி காலையில் கடைப் பெயர் அச்சடித்த பெட்டிகள் வந்து இறங்கின. அவள் கிச்சாப் கோழியைப் பொரித்துக்கொண்டிருந்தாள். பெட்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் சமைச்சா அண்ணன் சாப்பிட மாட்டாருன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"அவரு அப்படிப்பட்டவரு இல்ல" என்றாள். தன் கோழியைப் புதுத் தட்டில் அடுக்கி மேசைக்கு நடுவில் வைத்தாள். என் பெட்டிகளை ஓரத்தில் தள்ளினாள்.

நண்பன் இரண்டு மணிக்கு வந்தான். தனியாக வந்தான். மனைவிக்குத் தலைவலி, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றான். பள்ளி விடுமுறை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கையில் ஒரு பெட்டி ஆரஞ்சு வாங்கி வந்திருந்தான். பின்கதவுப் பக்கம் போகவில்லை. உட்கார்ந்தான். "தங்கச்சி, நல்லா இருக்கீங்களா?" என்றான். தமிழில்தான் கேட்டான். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள், கோழிக்குப் பக்கத்தில் கரண்டியை வைத்தாள்.

அவன் மேசையைப் பார்த்தான். கை மடியிலேயே இருந்தது. கோழியைப் பார்த்தான், பெட்டிகளைப் பார்த்தான். பிறகு, யாரையும் புண்படுத்திவிடக் கூடாதே என்கிற மாதிரி, மிக மெதுவாகக் கேட்டான்.

"இதெல்லாம் யாரு சமைச்சது?"

அவன் எங்கள் வீட்டில் பதினோரு தீபாவளி சாப்பிட்டவன். ஒருமுறைகூட இதைக் கேட்டதில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்வியை அவன் வாயில் வைத்தவன் நான்தான்.

நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி பதில் சொன்னாள். குரல் சாதாரணமாக இருந்தது. "எல்லாம் வெளிய வாங்குனதுதாண்ணே. டவுன்ல உங்க ஆளுங்க கடை. இந்த வருஷம் எனக்கு ஒடம்பு முடியல." பேசிக்கொண்டே ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து, கடைப் பெயர் அவன் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தாள். "இந்தக் கோழி நேத்து செஞ்சது, ஆறிப் போச்சி, இத நீங்க சாப்பிட வேணாம்" என்று தன் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அந்தக் கோழியிலிருந்து இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது.

அவன் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது, எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு பெட்டியிலிருந்து சோறு போட்டுச் சாப்பிட்டான். நானும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றான். ஆமாம் என்றேன். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இருக்கிறார் என்றான். முக்கால்மணி நேரம் இருந்தான். டப்பா கொண்டுவந்திருக்கவில்லை.

வாசல்வரை போய் வழியனுப்பினேன். "தங்கச்சிகிட்ட சொல்லிடு" என்றான். எதைச் சொல்லச் சொன்னான் என்று அவனும் முடிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உள்ளே வந்தபோது மனைவி சமையலறையில் அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். அந்தத் தட்டிலிருந்து ஒரு துண்டு கோழியைப் பிய்த்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உப்பு, காரம் எல்லாம் சரியாத்தாங்க இருக்கு" என்றாள்.